ஒட்டும் கை எங்கே நிற்க வேண்டும்?

அறை விளக்குகளை அணைத்துவிட்டுப் புற ஊதா விளக்கைப் போடுகிறார்கள். மேசையில் ஓர் ஆட்டிடைச்சி நிற்கிறாள். ஒரு சாண் உயரம், பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் பீங்கான். பகல் வெளிச்சத்தில் அவள் மேல் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை. இந்த விளக்கில் உடம்பெல்லாம் மங்கிய ஊதாவாக இருக்க, கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை மட்டும் வெளிறி ஒளிர்கிறது. வலது முழங்கைக்குக் கீழே எல்லாமே அதே வெளிறல்தான். பாவாடையின் பின்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. அது அரக்கு, பழைய காலத்து ஒட்டு. வெளிறிய இடங்கள் பிற்பாடு வந்த இன்னொருவர் பூசிய பெயின்ட். கழுத்து ஒருமுறை உடைந்திருக்கிறது. கை தொலைந்துபோய்ப் புதிதாக வைக்கப்பட்டிருக்கிறது.

பழைய பீங்கான் பொம்மையை வாங்குகிறவர், விற்கிறவர், பழுதுபார்க்கிறவர் எல்லோருமே முதலில் செய்கிற சோதனை இது. இதில் மாட்டாமல் தப்பிக்கிற பொம்மைகள் குறைவு. இருநூறு, இருநூற்றைம்பது வருடம் வீடு மாறி, நாடு மாறி, தூசி தட்டுகிற கைகளையும் ஓடியாடுகிற குழந்தைகளையும் தாண்டி வந்த ஒரு பொருள் எங்காவது உடைந்திருப்பதில் வியப்பே இல்லை. நாம் பார்க்க வேண்டியது, உடைந்தபோது அதைக் கையில் எடுத்தவர் என்ன செய்தார் என்பதைத்தான்.

இந்தத் தொழிலில் இரண்டு மரபுகள் உண்டு. ஏலக்கடைக்கும் பழம்பொருள் கடைக்கும் வேலை செய்கிறவர், உடைந்த சுவடே தெரியக்கூடாது என்று பார்ப்பார். விலை அதில்தான் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறவர், தான் செய்ததை நாளை வேறொருவர் கழற்றி எடுக்க முடியுமா என்று பார்ப்பார். இரண்டாவது கட்சிதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அதோடு விஷயம் தீர்ந்துவிடவில்லை. எவ்வளவு ஒட்டுவது, எவ்வளவு நிரப்புவது, எங்கே கையை எடுத்துவிடுவது? ஒரு பொம்மை எப்படி உடைந்தது என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

சூளையிலேயே தொடங்கும் கதை

ஐரோப்பாவின் பீங்கான் பொம்மைகளுக்குத் தாய்வீடு சாக்சனியில் இருக்கும் மைசன் நகரம். தங்கம் செய்து தருகிறேன் என்று சொன்ன ரசவாதி யோஹான் ஃபிரீட்ரிஷ் பொட்கரை சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ் பிடித்து அடைத்துவைத்தார். தங்கம் வரவில்லை. அதுவரை சீனாவும் ஜப்பானும் கொரியாவும் மட்டுமே அறிந்திருந்த வெள்ளைப் பீங்கான் வந்தது. 1710இல் மைசன் நகரத்து ஆல்பிரெக்ட்ஸ்பர்க் கோட்டையில் பட்டறை தொடங்கியது. 1731இல் அங்கே யோஹான் யோவாகிம் கெண்ட்லர் என்ற இளம் சிற்பி வந்து சேர்ந்தார். கையகல மண்ணில் ஓடுவதையும் திரும்புவதையும் ஏளனமாகச் சிரிப்பதையும் கொண்டுவரலாம் என்று காட்டியவர் அவர். கோமாளிகள், ஆட்டிடையர்கள், தெருவில் கூவி விற்பவர்கள், வாத்தியம் வாசிக்கும் குரங்குகள் என்று அவர் வடித்தவற்றைப் பார்த்துத்தான் ஐரோப்பாவின் மற்றப் பட்டறைகள் பொம்மை செய்யக் கற்றுக்கொண்டன.

இந்தப் பொம்மை ஒரே வார்ப்பாக வருவதில்லை. சிற்பி செய்த மூல உருவத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பிளாஸ்டர் அச்சு எடுப்பார்கள். தலை ஓர் அச்சு, உடம்பு ஓர் அச்சு, இரண்டு கைக்கும் இரண்டு அச்சு. ஈரமாக இருக்கும்போதே களிக்குழம்பு தடவி இவற்றைச் சேர்ப்பார்கள். விரல்களையும் பூக்களையும் தொப்பியின் நாடாவையும் கையாலேயே திருத்துவார்கள். பிறகு சூளை. மைசன் பீங்கான் சுமார் 1400 டிகிரி சூட்டில் வெந்து, ஆறில் ஒரு பங்கு சுருங்கும். அந்தச் சூட்டில் மண் இளகித் தொய்யும். பொம்மைகள் பெரும்பாலும் ஒரு மரத்தண்டில் சாய்ந்தபடி நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அழகுக்காக மட்டும் வைத்ததல்ல அந்த மரம். சூளைக்குள் பொம்மையின் இடுப்பு மடங்கிவிடாமல் தாங்குவதற்காக வைத்தது.

சூளையிலேயே விரிந்தவையும் உண்டு. அகஸ்டஸ் மன்னர் டிரெஸ்டனில் தன் ஜப்பானிய அரண்மனையை நிரப்ப, கிட்டத்தட்ட நிஜ அளவிலேயே விலங்குகளையும் பறவைகளையும் பீங்கானில் செய்யச் சொன்னார். அவ்வளவு பெரிய உருவத்தை அதுவரை ஐரோப்பாவில் யாரும் பீங்கானில் சுட்டதில்லை. ஆடும் சிங்கமும் காண்டாமிருகமும் வயிற்றிலும் காலடியிலும் பெரிய பெரிய விரிசல்களோடுதான் வெளியே வந்தன. வண்ணத்துக்காக இன்னொருமுறை சூளையில் ஏற்றினால் நொறுங்கிவிடும் என்று பயந்து, சுடாத வண்ணத்தையே அவற்றின் மேல் பூசினார்கள். அது நாளடைவில் நிறம் மாறியது. பின்னால் வந்தவர்கள் பலவற்றிலிருந்து அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இன்று அந்த விலங்குகள் வெள்ளை வெளேரென்று, விரிசல் தெரிய நிற்கின்றன. அந்த விரிசல்களை இன்றைய வேதிப்பொருட்களால் மறைப்பது சிரமமே இல்லை. யாரும் செய்வதில்லை, செய்யவும் கூடாது. அந்த மண்ணால் முடியாத ஒன்றைச் செய்து பார்த்தார்கள் என்பதற்கு அந்த விரிசல்தான் சாட்சி.

முன்னால் வந்தவர்களின் கைவேலை

பழுதுபார்ப்பவர் மேசைக்கு வரும் பொம்மை புதிதாக உடைந்ததாக இருப்பது அபூர்வம். பழைய ஒட்டுத்தான் மறுபடி விட்டிருக்கும். ஆகவே முதல் வேலை, முன்னால் யார் யார் என்னென்ன செய்தார்கள் என்று கண்டுபிடிப்பது.

மிகப் பழையது கம்பித் தையல். உடைந்த கோட்டின் இரு பக்கமும் வைர முனை வைத்த துளைகருவியால் பாதி ஆழத்துக்குத் துளை போட்டு, வளைத்த பித்தளைக் கம்பியை இழுத்து மாட்டுவார்கள். சீனாவிலும் ஐரோப்பாவிலும் இதைத் தெருவோடு வந்து செய்கிற தொழிலாளிகள் இருந்தார்கள். தட்டுக்கும் கிண்ணத்துக்கும் பசையே இல்லாமல் தண்ணீர் ஒழுகாத ஒட்டு அது. ஆனால் பீங்கானில் போட்ட துளை போட்டதுதான். இரும்புக் கம்பியாக இருந்தால் துருப்பிடித்து, சுற்றியுள்ள பீங்கானில் பழுப்பை இறக்கிவிடும்.

அடுத்தது அரக்கும் மிருகப் பசையும். ஐரோப்பியப் பட்டறைகள் வாங்கிய அரக்கில் பெரும்பகுதி இந்தியாவில் கிளைகளிலிருந்து சுரண்டி, உருக்கி, தகடாக இழுத்துக் கப்பலேற்றியது. விக்டோரியா காலத்தில் லண்டனில் ஒட்டிய ஒரு பொம்மையின் கழுத்தில் நம் காட்டுப் பூச்சி சுரந்த பிசின் இருக்கிறது என்பது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த செய்திகளில் ஒன்று. நல்ல பசைதான். வயதானால் கறுத்து, உதிரும். எரிசாராயத்தில் ஊறவைத்தால் பெரும்பாலும் விட்டுக்கொடுக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் எபாக்ஸி வந்தது. கல்லைப் போல ஒட்டியது, மறைத்துப் பெயின்ட் அடிக்க ஏதுவாகவும் இருந்தது. பத்து, இருபது வருடத்தில் மஞ்சளானது. அதைக் கரைக்க எதுவும் கிடையாது. வீரியமான கரைப்பானில் வைத்து உப்பவைத்து, கத்தி முனையால் துளித் துளியாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். கூடவே வந்தது ஏர்பிரஷ். என்னைக் கேட்டால் பீங்கான் பொம்மைகளுக்கு மிகப் பெரிய கேடு செய்தது இதுதான். ஒட்டிய கோடு ஒரு மயிரிழை அகலம்தான். அதை மறைக்க, முகம் முழுக்க, சில சமயம் மார்பு வரைக்கும், உடையாத நல்ல மெருகின் மேலேயே வெள்ளைப் பெயின்டைத் தெளித்தார்கள். கெண்ட்லர் பட்டறையின் ஓவியர் ஒற்றை முடித் தூரிகையால் எழுதிய புருவம் அடியில் இருக்க, அதற்கு மேலே நேற்று எழுதிய புருவம். வாங்கியவர் ரசித்துக்கொண்டிருந்தது நேற்றைய புருவத்தைத்தான்.

இந்தப் பெயின்டை எடுக்கும் வேலையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பஞ்சுக் குச்சியை அசிட்டோனில் நனைத்து, கசக்கிப் பிழிந்து, கன்னத்தில் ஓரிடத்தில் உருட்டுகிறார்கள். தேய்ப்பதில்லை, உருட்டுவதுதான். பஞ்சில் முதலில் மஞ்சளான வார்னிஷ் வருகிறது, பிறகு மாவு போல வெள்ளை. குச்சியை எறிந்துவிட்டு அடுத்த குச்சி. நாலைந்து குச்சிக்குப் பிறகு ஒரு மிளகு அகலத்துக்குப் பழைய மெருகு வெளியே வருகிறது. நீலம் லேசாகத் தொட்ட குளிர்ந்த வெள்ளை, அதற்குள் கன்னச் சிவப்பின் சின்னப் புள்ளிகள். பக்கத்தில் இருக்கும் பெயின்ட் அதுவரை நன்றாகத்தான் தெரிந்தது; இப்போது சுண்ணாம்புச் சுவராகத் தெரிகிறது. உதட்டுக்கும் தங்க முலாமுக்கும் பக்கத்தில் வரும்போது கை இன்னும் மெதுவாகிறது. அரைநாள் போனால் ஒரு முகம் திரும்பக் கிடைக்கும்.

சூடு காட்டாத வேலை

இவ்வளவு சிரமப்படுவதற்குப் பதிலாக மறுபடி சூளையில் வைத்துச் சுட்டுவிடக் கூடாதா என்று பலரும் கேட்கிறார்கள். கூடாது. பழைய பீங்கானின் நுண்துளைகளில் ஈரமும் அழுக்கும் பழைய பசையும் ஏறியிருக்கும். சூட்டில் அவை கரும்புள்ளியாகவும் கொப்புளமாகவும் வெடித்து வரும், பொம்மையே பிளந்துவிடலாம். ஆகவே பழுதுபார்ப்பு முழுக்க நெருப்பில்லாத வேலை. பசை, நிரப்புமாவு, வண்ணம் எல்லாம் அறை வெப்பத்தில் இறுகுபவை. அதனால் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் மூல மெருகின் கடினம் அவற்றுக்கு வராது.

ஒட்டுவதற்கு முன் சுத்தம். உடைந்த விளிம்பில் ஒரு தூசி இருந்தாலும் மூட்டு உட்காராது. மைசன் போன்ற கடினப் பீங்கானை வெதுவெதுப்பான நீரும் நீராவியும் கொண்டு கழுவலாம். இங்கிலாந்தின் ஸ்டாஃபர்ட்ஷையர் மண் பொம்மைகள் அப்படியல்ல. குறைந்த சூட்டில் சுட்ட, நீர் உறிஞ்சும் மண் அது. தண்ணீரில் போட்டால் மேலே இருக்கும் அழுக்கு உள்ளே இறங்கி, மெருகுக்கு அடியில் பழுப்புப் படலமாகத் தங்கிவிடும். வீட்டில் கழிவறைக்கு வைத்திருக்கும் பிளீச்சைக் கொண்டு அந்தப் பழுப்பை எடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. அந்த நேரத்துக்கு வெள்ளையாகும். அதிலுள்ள உப்பு மண்ணுக்குள் தங்கி, மாதங்கள் கழித்துப் படிகமாகி, மெருகைச் செதில் செதிலாக உதிர்த்துவிடும்.

பசையில்தான் கொள்கைச் சண்டையே. கழற்ற முடிகிற பசை வேண்டும் என்றால் பாரலாய்ட் பி-72 என்ற அக்ரிலிக் பிசின். அசிட்டோனில் கரைத்துத் தடவலாம், எத்தனை வருடம் கழித்தும் அசிட்டோனிலேயே கழற்றலாம், மஞ்சளாகாது. 1986இல் ஸ்டீபன் கூப் என்ற பாதுகாப்பு வல்லுநர் அகழாய்வுப் பானைகளை ஒட்ட இதை எப்படிக் கையாள்வது என்று விரிவாக எழுதினார். அதன்பின் உலகமெங்கும் பரவியது. ஆனால் நம்மூருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. இந்தப் பிசின் சுமார் 40 டிகிரியில் இளகத் தொடங்கும். லண்டனில் அது கவலையே அல்ல. சென்னையிலோ வேலூரிலோ மே மாதத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் கனமான தலை ஒன்று இந்தப் பசையில் நின்றால், கண்ணுக்குத் தெரியாமல் சரியும். வெப்பம் மிகுந்த ஊர்களில் வேலை செய்பவர்கள் இதோடு இன்னும் அதிகச் சூடு தாங்கும் வேறோர் அக்ரிலிக் பிசினைக் கலந்துகொள்கிறார்கள்.

கடினப் பீங்கானுக்கு, குறிப்பாக ஒளி ஊடுருவுகிற மெல்லிய பகுதிகளுக்கு, எக்ஸ்டால் என்கிற தண்ணீர் போன்ற எபாக்ஸியைப் பயன்படுத்துகிறார்கள். சில்லுகளைப் பசையில்லாமலே சேர்த்து நாடா போட்டு நிறுத்திவிட்டு, மூட்டின் மேல் ஒரு துளி வைத்தால் அதுவே உறிஞ்சிக்கொண்டு உள்ளே ஓடும். இறுகுவதற்கு ஒரு வாரம் ஆகும். நாடாவை ஒட்டும்போது தங்க முலாம் இருக்கும் இடத்தை விட்டுவிட வேண்டும்; இல்லையென்றால் எடுக்கும்போது தங்கம் நாடாவோடு வந்துவிடும்.

பசையைத் திறப்பதற்கு முன்பே எல்லாச் சில்லுகளையும் ஒருமுறை வெறுமனே சேர்த்துப் பார்த்து, எந்த வரிசையில் ஒட்டுவது என்று எண் போட்டுக்கொள்வார்கள். வரிசை தவறினால் கடைசிச் சில்லுக்கு நுழைய வழி இருக்காது. ஜிக்ஸா புதிரில் மேலிருந்து வைத்துவிடலாம். உருண்ட வயிற்றில் பக்கவாட்டில்தான் நுழைக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. சூளையில் சுருங்கியபோது பீங்கானுக்குள் ஓர் இறுக்கம் தங்கியிருக்கும். உடைந்ததும் அது விடுபட்டு விளிம்புகள் லேசாக விரிந்துகொள்ளும். பிறகு எவ்வளவு அமுக்கினாலும் ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் நகம் தட்டும். அந்தப் படியை ஏற்றுக்கொண்டு ஒட்டுவதுதான் நேர்மை. மூல விளிம்பை ராவிச் சமன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். உடைந்ததைவிட அது பெரிய சேதம்.

இல்லாத கையைச் செய்வது எப்படி? அதே அச்சில் வந்த இன்னொரு பொம்மை எந்த அருங்காட்சியகத்திலாவது, எந்த ஏலப் பட்டியலிலாவது கிடைக்கிறதா என்று முதலில் தேடுவார்கள். கிடைத்தால் அதன் கையைப் பார்த்து எபாக்ஸி மாவில் வடிக்கலாம், அனுமதி கிடைத்தால் சிலிகான் அச்சே எடுக்கலாம். எதுவும் கிடைக்கவில்லை என்றால்? அந்தக் கை மலர்க்கொத்து வைத்திருந்ததா, கோல் வைத்திருந்ததா, ஆட்டைத் தடவிக்கொண்டிருந்ததா என்று யாருக்கும் தெரியாது. அப்போது மணிக்கட்டோடு நிறுத்திவிடுவதே மேல் என்பேன். கற்பனையில் செய்த கை, அடுத்த தலைமுறைக்குப் பொய்ச் சான்றாகிவிடுகிறது. ஒரு புகைப்படத்தில் ஏறி, ஒரு புத்தகத்தில் ஏறி, அந்தப் பொம்மை பூக்காரியாகவே நிலைத்துவிடும்.

வண்ணம் தீட்டுவதில் அருங்காட்சியகங்களில் ஒரு பழைய நடைமுறை உண்டு. ஆறடி தள்ளி நின்றால் ஒட்டு கண்ணை உறுத்தக் கூடாது, ஆறு அங்குலம் நெருங்கினால் தெரிய வேண்டும். நிரப்பிய இடத்துக்குள் மட்டுமே தூரிகை நடமாட வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட மூல மெருகின் மேல் ஏறக் கூடாது.

கேம்பிரிட்ஜில் விழுந்தவை

2006 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துக்கு வந்த பார்வையாளர் ஒருவர் படியில் இடறி விழுந்தார். ஜன்னல் மேடையில் வரிசையாக இருந்த மூன்று பெரிய சீனச் சாடிகள் அவரோடு சரிந்தன. சீனப் பேரரசர் காங்ஷி காலத்தவை. சுமார் 400 சில்லுகளாகிப் படிகளில் பரவின. ஊழியர்கள் துடைப்பத்தைத் தேடி ஓடவில்லை. முதலில் படமெடுத்தார்கள். எந்தச் சில்லு எந்த இடத்தில் கிடந்தது என்று குறித்துக்கொண்டே பொறுக்கினார்கள். பென்னி பெண்டால் என்ற பீங்கான் வல்லுநர் அவற்றைச் சேர்த்துக் கொடுத்தார். அதே வருடமே முதல் சாடி மீண்டும் காட்சிக்கு வந்தது. சில்லு சிதறிய கிடப்பைப் பதிவுசெய்ததில்தான் பாதி வெற்றி என்பது என் எண்ணம். வீட்டில் ஒரு பொம்மை உடைந்தாலும் இதேதான் பொருந்தும்.

கண்ணாடியாக இருந்தாலும் போர்ட்லண்ட் சாடியையும் இங்கே சொல்லியாக வேண்டும். பிரிட்டிஷ் மியூசியத்தில் 1845இல் ஒருவர் வேண்டுமென்றே அதை அடித்து நொறுக்கினார். அதே வருடம் ஜான் டபுள்டே ஒட்டினார்; 37 சிறு சில்லுகள் எங்கே பொருந்தும் என்று தெரியாமல் மிஞ்சின. ஒரு நூற்றாண்டு கழித்துக் கழற்றி மறுபடி ஒட்டினார்கள். அந்தப் பசையும் பழுத்துத் தளர, 1980களின் இறுதியில் நைஜல் வில்லியம்ஸும் அவருடைய சக பணியாளர் சாண்ட்ரா ஸ்மித்தும் மூன்றாம் முறையாகக் கழற்றி ஒட்டினார்கள். ஒவ்வொரு முறையும் மிஞ்சிய சில்லுகளில் சில தங்கள் இடத்தைக் கண்டுபிடித்தன. டபுள்டே அந்தச் சில்லுகளை எறிந்திருந்தாலோ, கழற்றவே முடியாத பசையைப் போட்டிருந்தாலோ இது நடந்திருக்காது.

டிரெஸ்டனில் எரிந்தவை

இனி எல்லாவற்றையும்விடக் கனமான கதை. குஸ்டாவ் ஃபான் கிளெம்பரர் டிரெஸ்டன் நகரத்து வங்கியாளர், யூதர். மைசன் பீங்கான் சேர்ப்பதில் ஐரோப்பாவில் பெயர் பெற்றவர். அவர் 1926இல் காலமானார். இரண்டு வருடம் கழித்து வெளிவந்த பட்டியலில் அவருடைய சேகரிப்பின் 834 உருப்படிகள் இடம்பெற்றன. பொம்மைகள், தட்டுகள், கிண்ணங்கள் எல்லாமும் உண்டு. 1938இல் நாஜி அரசு அந்தச் சேகரிப்பைப் பறித்துக்கொண்டது. குடும்பம் நாட்டைவிட்டு வெளியேறியது. பீங்கான் டிரெஸ்டனின் அரசுச் சேகரிப்போடு சேர்க்கப்பட்டது. போரின்போது பாதுகாப்புக்காக ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்திருந்தார்கள். ரஷ்யப் படை நெருங்கியபோது அங்கிருந்தும் கிளப்ப வேண்டியதாயிற்று.

1945 பிப்ரவரி 13ஆம் தேதி இரவு, பெட்டிகள் ஏற்றிய லாரி டிரெஸ்டன் அரண்மனை முற்றத்தில் நின்றுகொண்டிருந்தது. அன்றிரவுதான் நேச நாட்டு விமானங்கள் அந்த நகரத்தை எரித்தன. 25,000 பேர் வரை செத்தார்கள் என்று நகரம் அமைத்த வரலாற்றாளர் குழு 2010இல் முடிவு சொன்னது. அந்தக் கணக்குக்கு முன்னால் பீங்கானைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் பீங்கானும் அந்த இரவின் சாட்சி. இடிபாடுகளில் தோண்டியவர்கள் சில்லுகளைப் பொறுக்கினார்கள். சில கருகியிருந்தன, சிலவற்றில் மெருகு மறுபடி உருகியிருந்தது. பெட்டி பெட்டியாக அவை அருங்காட்சியகத்தின் கிடங்கில் தங்கிப்போயின.

ஜெர்மனி ஒன்றான பிறகு, 1991இல், மிஞ்சியவை வாரிசுகளிடம் திருப்பித் தரப்பட்டன. குடும்பம் அவற்றில் ஒரு பகுதியை டிரெஸ்டன் அருங்காட்சியகத்துக்கே அன்பளிப்பாகக் கொடுத்தது. பறித்தவர்களின் ஊருக்கு அதைக் கொடுக்க எவ்வளவு பெரிய மனது வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். பிற்பாடு கிடங்கிலிருந்து இன்னும் சில்லுகள் கிடைக்க, அவையும் குடும்பத்திடம் போய், 2010 டிசம்பரில் லண்டனில் போன்ஹாம்ஸ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தன. ஒட்டியவை, பாதி ஒட்டியவை, ஒட்டவே படாதவை எல்லாம் அதில் இருந்தன. உடைந்த பொம்மை என்றால் விலை சரியும் என்பதுதான் சந்தையின் விதி. இங்கே உடைவையே மதித்து வாங்க ஆட்கள் வந்தார்கள்.

இங்கிலாந்தின் மண்பாண்டக் கலைஞரும் எழுத்தாளருமான எட்மண்ட் டி வால், கிளெம்பரர் சேகரிப்பின் உடைந்த தட்டுகள் சிலவற்றை வாங்கி, உடைந்த கோட்டைத் தங்கத்தால் காட்டும் ஜப்பானின் கின்ட்சுகி முறையில் சேர்க்கச் செய்தார். வியன்னாவில் தன் சொந்த முன்னோர் வீட்டை நாஜிகளிடம் பறிகொடுத்த குடும்பத்திலிருந்து வந்தவர் அவர். எது உடைந்தது என்பதும், எங்கே துண்டு இல்லை என்பதும் அந்தத் தட்டுகளில் வெளிப்படையாகத் தெரிகின்றன. அவற்றை ஏர்பிரஷ் வைத்துப் புத்தம்புதிதாக்கியிருந்தால் 1945இன் அந்த இரவை அழித்ததாகவே ஆகியிருக்கும்.

கின்ட்சுகியைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது அது ஊரெங்கும் பரவியிருக்கிறது. எபாக்ஸியும் தங்க நிறப் பொடியும் போட்ட டப்பாவாக இணையத்தில் விற்கிறார்கள். உண்மையான முறையில் ஒட்டுவது தங்கமல்ல, உருஷி என்ற மரப்பால். ஈரப்பதமான பெட்டிக்குள் வாரக்கணக்கில் வைத்து அதை இறுகவிட்டு, கடைசியில் மேற்பரப்பில்தான் தங்கத்தூள் தூவுவார்கள். தேநீர்க் கிண்ணத்துக்கும் தட்டுக்கும் அது அழகு. பொம்மைக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. கன்னத்தின் குறுக்கே ஒரு தங்கக் கோடு ஓடினால் கண் அந்தக் கோட்டிலேயே நின்றுவிடுகிறது. சிற்பி செய்த முகபாவம் தோற்றுப்போகிறது. அலமாரியைத் துடைக்கும்போது கைதவறி விழுந்த ஆட்டிடைச்சிக்கு நினைவுச்சின்னம் வேண்டியதில்லை. அவளுடைய சிரிப்பு அவளுக்குத் திரும்பக் கிடைத்தால் போதும். அதற்கு நிறம் பொருந்திய, அடக்கமான, கழற்ற முடிகிற ஒட்டே சரி. போரில் உடைந்ததற்கு ஒரு நியாயம், துடைப்பத்தில் உடைந்ததற்கு இன்னொரு நியாயம்.

நம் வீட்டு அலமாரி

இது நமக்குத் தொலைவான விஷயம் இல்லை. செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த பீங்கான், அந்த வீடுகள் பிரியப் பிரியக் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்ந்தது. ரவிவர்மா படங்களைப் பார்த்து இந்தியச் சந்தைக்கென்றே ஜெர்மனியில் வார்த்த லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணன் பீங்கான் பொம்மைகள் இன்றும் கிடைக்கின்றன. வீணையின் நுனி, புல்லாங்குழல் பிடித்த விரல், கிரீடத்தின் உச்சி என்று உடைவதெல்லாம் எப்போதும் ஒரே இடங்கள்தான். உடைந்தால் உடனடிப் பசையைப் பிதுக்கி ஒட்டிவிடுகிறார்கள். நொடியில் பிடித்துக்கொள்வதால் கோணலாகப் பிடித்தாலும் திருத்த முடியாது. நாளாவட்டத்தில் நொறுங்கி விட்டும் போகும்.

உடைந்தால் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். கூட்டிப் பெருக்குவதற்கு முன் ஒரு படம் எடுங்கள். அரிசி அளவுச் சில்லு வரை பொறுக்குங்கள். சோபாவுக்கு அடியிலும் பாருங்கள். பொருந்துகிறதா என்று திரும்பத் திரும்பச் சேர்த்துப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு உரசலிலும் விளிம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாக மெல்லிய தாளில் சுற்றி ஒரே டப்பாவில் வையுங்கள். கழுவ வேண்டாம். கொலு பொம்மைகள் வேறு இனம் என்பதையும் மறக்க வேண்டாம். அவை மண்ணோ காகிதக்கூழோ, மேலே சுடாத வண்ணம். பீங்கானுக்குச் சொன்ன அசிட்டோன் பட்டால் முகமே கரைந்துவிடும்; தண்ணீரும் ஆகாது.

நீங்களே ஒட்டுவதாக இருந்தாலும், யாரிடமாவது கொடுத்து ஒட்டினாலும், என்ன பசை, எந்த வருடம், எந்தத் துண்டு புதிதாகச் செய்தது என்பதைப் பென்சிலால் ஒரு சீட்டில் எழுதி, உடைந்தபோது எடுத்த படத்தையும் சேர்த்து, பொம்மை வைத்திருக்கும் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். பொருந்தாமல் மிஞ்சிய சில்லையும் எறியாதீர்கள். அதையும் ஓர் உறையில் போட்டு அந்தச் சீட்டோடு வையுங்கள்.